ஆசான் என்னைக் காலடி எண்ணச் சொன்ன நாள்

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். 'க', 'த', 'ம' என்று தொடங்கும் சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். வேலை மாறுதலில் பாளையங்கோட்டைக்கு வந்தபோது வயது 31. ஊரில் ஒருவரையும் தெரியாது. கடையில் பொருளின் பெயரைச் சொல்லாமல் விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு கோயில் திடல். மாலையில் பிள்ளைகள் சிலம்பம் பழகுவார்கள், கம்பு சுற்றுவார்கள். அந்த 'விர்' சத்தத்துக்காகவே பத்து நாள் மதிலோரம் நின்றேன். அப்புறம் ஒருநாள் ஆசானே கூப்பிட்டு, "தம்பி பேரென்ன?" என்றார். முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டது. வழக்கமாக எதிரே நிற்பவர் தானே ஒரு பெயரை ஊகித்துச் சொல்வார், இல்லாவிட்டால் வேறு பக்கம் பார்ப்பார். ஆசான் இரண்டும் செய்யவில்லை. "மெதுவா சொல்லு, பொழுது கெடக்கு" என்று என்னைப் பார்த்தபடியே நின்றார். சொல்லி முடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு, தேங்காய், 101 ரூபாய் தட்டில் வைத்துக் கொடுத்துச் சேர்ந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கம்பே கையில் தரவில்லை. வெறும் காலடிதான். பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கம்பு மட்டும் தெரியும். அடிக்கு விலகுவதும் நம் அடி எதிராளிக்கு எட்டுவதும் காலில்தான் இருக்கிறது. என் பக்கத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, எனக்கு மூன்று வருடம் மூத்த மாணவி. "அண்ணே, கால மாத்தி வைக்கியளே" என்று குச்சியால் மண்ணில் கோடு கீறிக் காட்டுவாள். தினமும் காட்டினாள். ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

காலடிக்கு எல்லாரும் சத்தமாக எண்ண வேண்டும். அதைத்தான் பயந்தேன். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து எண்ணும்போது திக்கவில்லை! பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்குகிறவர்களுக்குச் சொல் தடையில்லாமல் வருவது தெரிந்த விஷயம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் கூட்டத்தோடு வாய் திறந்ததே கிடையாது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன்.

பிறகு நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்புக் கம்பு தந்தார். அடியும் தடுப்பும் ஜோடியாகப் பழக வேண்டும். என் ஜோடி ஒரு கல்லூரி மாணவன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்ததிலிருந்து வெறியாகப் பழகுகிறவன். அவன் தலைக்கு வீசும்போது நான் கம்பையே பார்த்து, விரலில் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். "கம்பப் பாக்காத, ஆளப் பாரு" என்றார் ஆசான். பேசும்போது யார் கண்ணையும் நான் பார்த்ததில்லை. எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கத் தைரியம் இருந்ததில்லை. இங்கே பார்க்காவிட்டால் அடி விழும். பார்க்கப் பழகினேன். சில மாதங்களில் அலுவலகத்திலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. சொல் அடைத்து நிற்கும்போதும் எதிரே இருப்பவரைப் பார்த்தபடியே நிற்க முடிகிறது. திக்கு போகவில்லை, இன்றும் இருக்கிறது.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். ஆசானின் போனைச் சுற்றி எல்லாரும் குவிந்து பார்த்தோம். அதன்பின் திடலுக்குப் புதுப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். ஒரு மாலை ஆசான், "நீ இவங்களுக்குக் காலடி எண்ணு" என்று சொல்லிவிட்டுக் கம்புகளுக்கு எண்ணெய் தடவ உட்கார்ந்துவிட்டார்.

தனியாக எண்ண வேண்டும். வரிசையில் பதினெட்டுப் பிள்ளைகள். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. அடுத்த காலைத் தூக்கினார்கள். 'மூ' அடைத்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் எனக்காக எண்ணவில்லை. காலைத் தூக்கியபடியே நின்றார்கள். ஒருவன் தள்ளாடினான், பக்கத்தில் இருந்த அந்தச் சிறுமி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆசான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"மூணு" என்றேன். பதினெட்டுக் கால்களும் ஒன்றாக மண்ணில் இறங்கின.