மனோன் ரேயோம்: முன்னோடியா, விளம்பரமா?

நீலக்கோடு:
ஐஸ் ஹாக்கில பெண்கள் பத்திப் பேச்செடுத்தாலே கனடா கோல்கீப்பர் மனோன் ரேயோம் பேருதான் முன்னோடின்னு முதல்ல வருது. என்னால ஒத்துக்க முடியல. 1992 செப்டம்பர் 23, டாம்பா பே லைட்னிங்ங்கிற ஆண்கள் அணிக்காக செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு எதிரா கோல்கீப்பரா நின்னாங்க. அது சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டம். ஆடினது முதல் பீரியட் மட்டும், அதாவது ஆட்டத்துல மூணுல ஒரு பங்கு. வலைக்கு வந்தது 9 ஷாட், உள்ள விட்டது 2 கோல். டாம்பா அப்பதான் என்ஹெச்எல்லுக்கு (வட அமெரிக்காவோட உச்ச ஆண்கள் ஹாக்கி லீக்) வந்த புது அணி, ஃப்ளோரிடால கூட்டம் சேர்க்கணும். விளம்பரத்துக்காகத்தான் கூப்பிட்டேன்னு மேலாளர் ஃபில் எஸ்போசிட்டோவே மறைக்காம சொல்லியிருக்கார். இதுல முன்னோடி எங்க வந்தது?

கோல்வலை:
கூப்பிட்டவர் நோக்கத்தை வச்சு வந்தவங்களை எடை போடாதீங்க. அதே வருஷம் ஃபின்லாந்துல உலகக் கோப்பையை ஜெயிச்ச கனடா அணியோட கோல்கீப்பர் அவங்க. அதுக்கு முன்னாடியே, 1991ல, கியூபெக் மேஜர் ஜூனியர் லீக்ல ட்ருவா ரிவியர் அணிக்காகப் பையன்களோட ஆடினாங்க. ஒரு ஷாட் முகக்கவசத்துல அடிச்சு, கண்ணுக்கு மேல கிழிஞ்சு ரத்தத்தோட வெளிய வந்தாங்க. அன்னைக்கு டாம்பாவும் இல்ல, எஸ்போசிட்டோவும் இல்ல.

நீலக்கோடு:
தைரியத்தை நான் குறை சொல்லவே இல்ல. ஆட்டத்தைப் பேசுங்க. 1992 டிசம்பர்ல அட்லாண்டா நைட்ஸ் அணிக்காக இறங்கினாங்க. ஆண்கள் தொழில்முறை லீக்கோட சீசன் ஆட்டத்துல ஆடின முதல் பெண், சரி. எவ்வளவு நேரம்? ஆறு நிமிஷம்கூட முழுசா இல்ல. 1993 அக்டோபர்ல எரின் விட்டன் டொலீடோ ஸ்டார்ம் அணிக்காக ஆடி, ஆண்கள் தொழில்முறை ஆட்டத்துல வெற்றி பெற்ற முதல் பெண் கோல்கீப்பர் ஆனாங்க. அவங்க பேர் இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு வயித்தெரிச்சலே அதுதான்.

மூணாம்பீரியட்:
நடுவுல வர்றேன். கோல் அடிக்கிற ஃபார்வர்டுன்னா, கடைசியா இறக்குற நாலாவது வரிசையில ரெண்டு ஷிஃப்ட் (கொஞ்ச நேரம் உள்ள இறங்கி ஆடுற முறை) ஆடி மெல்ல மேல வரலாம். கோல்கீப்பருக்கு அப்படி வழியே இல்ல. வலை ஒண்ணு, ஆட்டத்துக்குத் தயாரா இருக்கிறது ரெண்டு கோல்கீப்பர், யார் நிக்கணும்னு கோச்தான் முடிவு பண்ணுவார். ஆறு நிமிஷம்ங்கிறது அவங்களுக்குக் கொடுத்தது, அவங்க எடுத்தது இல்ல. ஆனா நீலக்கோடு கேட்காத ஒண்ணையும் சொல்லணும். ஆண்கள் அணிக்குள்ள முதல்ல நுழைஞ்சவங்க கோல்கீப்பர்களா இருந்ததுக்குக் காரணம், கோல்கீப்பரை உடம்பால மோதித் தள்ளுறது விதிப்படி தப்பு. 2003ல ஃபின்லாந்துல ஆண்களோட ஃபார்வர்டா ஆடி கோல் போட்ட ஹேலி விக்கன்ஹைசர்தான் என் கணக்குல ரொம்பக் கஷ்டமான வேலையைச் செஞ்சவங்க.

கோல்வலை:
விக்கன்ஹைசர் பத்தி எனக்கு மறுப்பே கிடையாது. ஆனா ரேயோம் ஒரு ராத்திரியோட ஓடிப் போகல. 1993ல டாம்பா திரும்பவும் பயிற்சி ஆட்டத்துல இறக்குச்சு. 1997 வரைக்கும் சின்ன லீக் அணிகள்ல, அணி மாறி அணி மாறி, ஆண்களோட இடத்துக்குப் போட்டி போட்டாங்க. 1994ல மறுபடி உலகத் தங்கம். 1998ல பெண்கள் ஹாக்கி முதல் தடவையா ஒலிம்பிக்குக்கு வந்தப்ப, நாகானோல கனடாவுக்கு வெள்ளி. வெறும் விளம்பரம்னா ஆறு வருஷம் கழிச்சு ஒலிம்பிக்ல எதுக்கு நிக்கணும்? விட்டன் வரும்போது, பெண் கோல்கீப்பரா, அது எப்படின்னு கேட்கிற முதல் கேள்வியை ஏற்கெனவே ஒருத்தர் வாங்கிக்கிட்டு முடிச்சிருந்தாங்க.

நீலக்கோடு:
நாகானோ வெள்ளிக்குத் தலை வணங்குறேன், அது அவங்க சம்பாதிச்சது. டாம்பா ராத்திரி அப்படி இல்லைங்கிறதுல மாத்தமில்ல. அடுத்த தடவை யாராவது பட்டியல் போட்டா, விட்டன் பேரையும் அதுல எழுதுங்க. அதுக்கப்புறம் யார் முதல்னு சண்டை போடலாம்.