சுங்கை சிப்புட் புள்ளைக்கு அமெரிக்கா, ஐரோப்பா சரித்திரம் எதுக்கு?

லயத்துவாசி:
எல்லாருக்கும் வணக்கம், மலேசியாவுல பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். என் மக எஸ்டிபிஎம் பரீட்சை முடிச்சி யுனிவர்சிட்டில சரித்திரம் எடுத்திருக்கா, சரி புடிச்சத படிக்கட்டும்னு விட்டேன். இப்ப அடுத்த செமஸ்டர்ல அமெரிக்க ஐரோப்பிய வரலாறு எடுக்கப் போறேங்கறா. எனக்கு மனசு ஒப்பல. எங்கப்பா அம்மா பால்மரம் வெட்டுனவங்க, நான் லொறி ஓட்டுறேன், பிடிபிடிஎன் படிப்புக் கடன் வேற தலைக்கு மேல இருக்கு, இதுல பிரெஞ்சு புரட்சியும் பிஸ்மார்க்கும் படிச்சி இந்த ஊருக்கு வந்து என்ன செய்யப் போறா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பால்மரப்பேத்தி:
அண்ணே, நானும் தோட்டத்துப் புள்ளதான், சரித்திரம் படிச்சவதான். தயவுசெஞ்சி தடுக்காதீங்க. நம்ம தாத்தா வெட்டுன ரப்பர் மரமே இந்த ஊரு மரம் இல்ல. 1876ல விக்ஹாம்னு ஒரு வெள்ளைக்காரன் பிரேசில்லேர்ந்து 70,000 விதை கிட்ட லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனான், முளைச்சது 2,700 சொச்சம், அடுத்த வருஷம் அதுல 22 கன்னு சிங்கப்பூர் வந்துச்சி. 1888ல டன்லப் காத்தடிச்ச டயர் செஞ்சாரு, 1908ல ஃபோர்டு மாடல் டி கார விட்டாரு, அப்புறம்தான் காட்ட அழிச்சி நிரை நிரையா ரப்பர் நட்டு மெட்ராஸ் பக்கம் ஆளு புடிக்க கங்காணிய அனுப்புனது வேகமாச்சி. அமெரிக்காக்காரன் கார் வாங்குனாதான் நம்ம பாட்டி பால் புடிக்கிற மங்குக்கு வேலை. இத நம்ம கதை இல்லன்னு எப்படி சொல்றது?

கோலகங்சார்காரன்:
1877ல நட்டதுல ஒரு மரம் எங்க ஊருல இன்னும் நிக்குது, வந்து பாருங்க.

ஒட்டுப்பால்:
தங்கச்சி நல்லாதான் சொல்லுது. ஆனா கொஞ்சம் நிதானமா கேளுமா. வகுப்புல இந்த ரப்பர் கதையா நடத்துறாங்க? நெப்போலியன் எங்க சண்டை போட்டான், வெர்சாய் ஒப்பந்தம் 1919ல யாரு கையெழுத்து போட்டது, இதான பரீட்சைக்கு வரும். சஞ்சிக்கூலியா, அதான் ஒப்பந்தக் கூலியா வந்தவன், ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயிலுக்கு தோட்டத்துலேர்ந்தே லொறில ஏத்திட்டுப் போனவன், 1930கள்ல ரப்பர் விலை விழுந்தப்ப பல்லாயிரம் பேர திருப்பி கப்பல் ஏத்துனது, இத எந்த பாடத்துல விரிவா படிக்கிறாங்க? மந்திரியா இருந்த துன் சம்பந்தன் இந்த ஊருக்காரரு, தோட்டத்த துண்டு போட்டு விக்கிறாங்கன்னு 1960ல தொழிலாளிங்க காசுலயே தோட்டம் வாங்க கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாரு, நம்ம புள்ளைங்க பத்து பேர நிறுத்தி கேளுங்க எத்தன பேருக்குத் தெரியுதுன்னு. வீட்டுல அடுப்பு எரியல, அடுத்த வீட்டு விளக்க எண்ணிக்கிட்டு இருந்தா எப்படி? முதல்ல நம்மளுது, அப்புறம் அவங்களுது.

பால்மரப்பேத்தி:
ஐயா, அந்த கப்பல் ஏத்துன கதையவே எடுத்துக்குங்க. துரை ஏன் ஆள குறைச்சான்? 1929 அக்டோபர்ல நியூயார்க் பங்கு சந்தை விழுந்துச்சி, கார் விக்கல, டயர் விக்கல, ரப்பர கேக்க ஆளில்ல. அதுக்கு முன்னாடியே 1922லேர்ந்து 1928 வரைக்கும் மலாயாவுலயும் சிலோன்லயும் ரப்பர் ஏற்றுமதிய பிரிட்டிஷ்காரன் புடிச்சி வெச்சான், விலை ஏறட்டும்னு. அமெரிக்காவுல வர்த்தக மந்திரியா இருந்த ஹூவர் அத எதுத்து சண்டை போட்டாரு, டயர் முதலாளி ஃபயர்ஸ்டோன் 1926ல லைபீரியாவுல நிலத்த குத்தகைக்கு எடுத்தாரு, ஃபோர்டு 1928ல பிரேசில்ல சொந்தமா தோட்டமே போட ஆரம்பிச்சாரு. ரெண்டு வெள்ளைக்கார முதலாளிங்க சண்டைக்கு நடுவுல நம்ம லயம் இருந்துச்சி. சஞ்சிக்கூலியும் அப்படிதான், 1833ல பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறைய ஒழிக்க சட்டம் வந்துச்சி, கரும்புத் தோட்டத்துக்கு ஆளு வேணும், ஒப்பந்தம்னு சொல்லி நம்மள கொண்டு போனான். மலாயாவுல 1910லதான் அந்த ஒப்பந்தத்த நிறுத்துனது. இங்க நடந்தத மட்டும் படிச்சா அடி விழுந்தது தெரியும், யாரு கை ஓங்குனான்னு தெரியாது.

லயத்துவாசி:
இது எனக்கு புதுசு தங்கச்சி. எங்க தாத்தாவோட அண்ணன் அப்படி திரும்பிப் போனவருதான், கடுதாசி கூட வரலன்னு பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சி.

ஒட்டுப்பால்:
விலை, சந்தை, சரி ஒத்துக்கறேன். ஆனா எனக்கு வலிக்கிறது வேற. 1948 ஜூன் 16, நம்ம ஊரு பக்கத்து தோட்டங்கள்ல மூணு துரைங்கள கம்யூனிஸ்ட்காரங்க சுட்டாங்க, அதோட அவசரகாலம் வந்து 1960 வரைக்கும் இருந்துச்சி. அந்த மூணு பேரு பேரும் எல்லா புத்தகத்துலயும் இருக்கு. அன்னிக்கு விடியக்காலைல பிரட்டுக்கு, பேரு கூப்புடுற வரிசைல நின்ன நம்ம ஆளுங்க பேரு எதுல இருக்கு? எங்க அப்பா அதுல ஒருத்தரு. அவரு மனுஷன்மா, ரப்பர் விலை இல்ல. அவங்க புத்தகத்த படிக்கிற புள்ள அவங்க கண்ணாலயே நம்மள பாக்கப் பழகிரும், எனக்கு அந்த பயம்தான்.

பால்மரப்பேத்தி:
ஐயா, உங்க அப்பா கதை கேக்கறப்ப எனக்கு பேச்சு வரல. அந்த பயம் நியாயம், நானும் அத அனுபவிச்சிருக்கேன், மூணு வருஷ படிப்புல தோட்டத் தொழிலாளின்னு ஒரு வார்த்தை எத்தன தடவ வந்துச்சின்னு விரல் விட்டு எண்ணிரலாம். ஆனா இதுக்கு வழியும் அந்த பாடத்துலதான் எனக்கு கெடைச்சிச்சி. அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் முடிஞ்சி 1865ல அடிமை முறைய சட்டப்படி ஒழிச்சாங்க. விடுதலையானவனுக்கு நிலம் கெடைக்கல, பழைய முதலாளி நிலத்துலயே வெளைச்சல்ல பங்கு குடுக்குற வாரத்துக்கு பருத்தி போட்டான், கடைல கடன் எழுதி எழுதி வெள்ளாமை முடிஞ்சாலும் கைல ஒண்ணும் மிஞ்சாது, நம்ம தோட்டத்து கடைப்புத்தகம் மாதிரியேதான். 70 வருஷம் கழிச்சி, 1936லேர்ந்து 1938 வரைக்கும், அரசாங்கமே சம்பளம் குடுத்து ஆள் அனுப்பி, உயிரோட இருந்த பழைய அடிமைங்க 2,000 பேருக்கு மேல தேடிப் போயி கேட்டு எழுதுனாங்க. கேக்கப் போனவங்க நெறைய பேரு வெள்ளைக்காரங்க, அதனால அந்த கெழவன் கெழவிங்க பயந்து சிலத மறைச்சிருப்பாங்கன்னு வரலாறு எழுதுறவங்களே இன்னிக்கும் சொல்றாங்க. யாரு கேக்கறாங்கங்கறத பொறுத்து பதில் மாறும், இத நான் அங்கதான் கத்துக்கிட்டேன். நம்ம பெரியவங்க கிட்ட நம்ம புள்ளைங்கதான் போயி ஒக்காரணும், தமிழ்ல கேக்கணும், வெளியாள் வந்து கேட்டா வாய திறக்க மாட்டாங்க.

ஒட்டுப்பால்:
2,000 பேரா. இது நான் கேள்விப்படல. நம்ம பக்கத்துல இருபது பேர கூட யாரும் அப்படி ஒக்கார வெச்சி கேக்கலயே. சொந்த கதை முதல்லங்கறத நான் விடல தம்பி, உங்க மக மலாயா தொழிலாளர் பாடம் இருந்தா அதையும் எடுக்கணும், ரெண்டும் சேத்து.

லயத்துவாசி:
சேத்துதான் எடுக்கச் சொல்றேன் ஐயா. இத முழுசும் அவளுக்கு அனுப்பிட்டேன், படிச்சிட்டு பாட்டிய பத்தி என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கா. கடன் கவலை போகல, அது என் பாடு.

ஒட்டுப்பால்:
தம்பி, எங்க அம்மாவுக்கு 90 வயசு, 1948ல 13 வயசு புள்ள, அந்த காலைய கண்ணால பாத்தது. லீவுக்கு மக வந்தா கூட்டிட்டு வாங்க. காலைல பத்து மணிக்குள்ள வாங்க, மத்தியானம் ஆனா அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறும். செம்பனை போட்டாச்சி, பழைய லயம் இல்ல, ஆனா எது எங்க இருந்துச்சின்னு அம்மா கை காட்டும்.