பி பிளாக் குழு: இரவானால் சுவர் உறுமுகிறது

வியாழன்

2சி டீச்சர் (இரவு 11:48): யாராவது விழித்திருந்தால் ஒரு கேள்வி. எங்கள் படுக்கையறைச் சுவர் இரவானால் உறுமுகிறது. "ம்ம்ம்" என்று ஒரே சுருதி. காதைப் பொத்தினாலும் கட்டில் வழியாக ஏறி வருகிறது. அந்தப் பக்கம் யார் வீட்டு ஏசி?

3சி தம்பி: எங்களுடையதாகத்தான் இருக்கும் டீச்சர். போன மாதம் மாட்டினோம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர். ஆனால் எங்களுக்கு உள்ளே ஒன்றுமே கேட்கவில்லையே?

2சி டீச்சர்: உங்களுக்கு எப்படிக் கேட்கும் தம்பி, மெஷின் உங்களுடையது, சுவர் எங்களுடையது.

செக்ரட்டரி சார்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. பகலில் 55. அனைவரும் கவனிக்கவும்.

3சி தம்பி: சார், பால்கனியில் போன் ஆப் வைத்துப் பார்த்தேன். 52 காட்டுகிறது 😟

1ஏ பாய்: போன் காட்டுவதை வைத்துப் பயப்பட வேண்டாம். அதன் மைக் அளவெடுப்பதற்காகச் செய்தது இல்லை. ஒரே இடத்தில் வைத்து முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று ஒப்பிட மட்டும் உதவும். டீச்சர், சுவரில் உள்ளங்கையை வையுங்கள். நடுங்குகிறதா?

2சி டீச்சர்: ஆமாம், நடுங்குகிறது.

1ஏ பாய்: ஜன்னலைத் திறந்தால் சத்தம் கூடுகிறதா?

2சி டீச்சர்: இல்லை. அதே அளவுதான்.

1ஏ பாய்: அப்படியென்றால் இது காற்றில் வரும் சத்தம் இல்லை. அவுட்டோர் ஸ்டாண்டில் இருந்து சுவருக்குள் இறங்கி வருகிறது. மிக்ஸியை வெறும் மேடையில் வைத்து ஓட்டினால் பக்கத்து டம்ளரெல்லாம் ஆடும், அடியில் மடித்த துணியைப் போட்டால் அடங்கிவிடும். அதே கதை. தம்பி, அவுட்டோர் கால்களுக்குக் கீழே ரப்பர் இருக்கிறதா?

3சி தம்பி: டார்ச் அடித்துப் பார்த்தேன். இரும்பு மேல் இரும்புதான் பாய். மாட்ட வந்தவர் "புது ஏசி அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்.

1ஏ பாய்: போகப் போக போல்ட்டுதான் லூசாகும்.

செக்ரட்டரி சார்: 18இல் வைத்துத் தூங்கினால் கம்ப்ரசர் கத்தத்தான் செய்யும். இந்தக் காலத்துப் பிள்ளைகள்...

3சி தம்பி: 24தான் சார்!

1ஏ பாய்: 24இல் வைத்திருப்பதால்தான் 11 மணிக்கு மேல் தொல்லை. இன்வெர்ட்டர் முதலில் முழு வேகத்தில் ஓடும். அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அது நடுங்குவதற்கென்று ஒரு வேகம் உண்டு. கம்ப்ரசர் அந்த வேகத்தில் போய் நின்றுவிட்டால் விடிய விடிய உறுமல்தான். ஏசியில் பழுது இல்லை, மாட்டிய விதத்தில்தான் பழுது.

3சி தம்பி: பிளைவுட் பெட்டி அடித்து, உள்ளே தெர்மாகோல் ஒட்டி மூடிவிடட்டுமா?

1ஏ பாய்: வேண்டவே வேண்டாம். அது வெளியே தள்ளும் சூட்டை அதுவே திரும்ப இழுக்கும். கரண்டு பில் ஏறும், மே மாதத்தில் டிரிப் ஆகி நிற்கும். அதோடு சுவர் வழியாகப் போகிற சத்தத்தைப் பெட்டி எப்படித் தடுக்கும்?

1ஏ பாய்: இப்போதே ஒரு சோதனை. எட்டிக் குனியாமல், பால்கனிக்குள் நின்றபடியே அவுட்டோரின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. டீச்சர் கேட்டுச் சொல்லட்டும்.

3சி தம்பி: அழுத்துகிறேன்.

2சி டீச்சர்: வித்தியாசம் இல்லை.

1ஏ பாய்: சரி, அங்கிருந்து உள்ளே போகும் காப்பர் பைப் ஜன்னல் கம்பியைத் தொடுகிறதா?

3சி தம்பி: சாய்ந்துகொண்டே போகிறது. மெதுவாகத் தள்ளிப் பிடித்திருக்கிறேன்.

2சி டீச்சர்: பாதி குறைந்துவிட்டது!! என்ன செய்தீர்கள்?

1ஏ பாய்: பாதி பைப், மீதி ஸ்டாண்டு. இன்றைக்குப் பைப்புக்கும் கம்பிக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை மடித்துச் செருகுங்கள். பைப்பை வளைக்க வேண்டாம், மடங்கினால் தனிச் செலவு.

வெள்ளி

4டி மாமி (காலை 7:15): இவ்வளவு பேசியிருக்கிறீர்கள், நான் தூங்கிவிட்டேன். பாய், எங்கள் இண்டோர் யூனிட் சமைக்கும் நேரத்தில் "கொளக் கொளக்" என்கிறது. சர்வீஸுக்கு வந்த பையன் கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறான்.

1ஏ பாய்: குளிர்ச்சி நன்றாக இருக்கிறதா மாமி?

4டி மாமி: போர்வை கேட்கிறது.

1ஏ பாய்: அப்போது கேஸைத் தொட விடாதீர்கள். மூடிய குழாய்க்குள் சுற்றுவது, லீக் இல்லாமல் குறையாது. சமைக்கும்போது சிம்னி ஓடுமே?

4டி மாமி: ஆமாம், ஜன்னலை மூடிவிட்டு.

1ஏ பாய்: சிம்னி காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே வர வேறு வழி இல்லாததால் ஏசியின் தண்ணீர்க் குழாய் வழியாகக் காற்று நுழைகிறது. அங்கே தேங்கிய தண்ணீரில் குமிழி விட்டு வருவதுதான் அந்த "கொளக்". சமையலறை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

4டி மாமி: நின்றுவிட்டது! ராத்திரி "படக்" என்று ஒரு சத்தம் வருமே?

1ஏ பாய்: பிளாஸ்டிக் உறை குளிர்ந்து சுருங்குவது. ஏசி நின்றதும் வரும் "உஸ்ஸ்" உள்ளே கேஸ் அழுத்தம் சமனாவது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். "கர கர" என்றால் மட்டும் சொல்லுங்கள், ப்ளோயரில் தூசி ஏறியிருக்கும், இல்லையென்றால் பேரிங்.

5ஏ: தண்ணீர் லாரி வந்துவிட்டதா?

செக்ரட்டரி சார்: 9 மணிக்கு.

சனி

3சி தம்பி (மாலை 5:30): நான்கு கால்களுக்கும் ரப்பர் பேட் போட்டாயிற்று. பைப்புக்குத் தனிக் கிளாம்பு. பாய் கூடவே நின்று பார்த்தார்.

1ஏ பாய்: வந்தவர் போல்ட்டை முழுப் பலத்தோடு முறுக்கப் போனார், நிறுத்தினேன். ரப்பர் நசுங்கிவிட்டால் அதுவும் இரும்பு மாதிரிதான்.

2சி டீச்சர் (இரவு 11:55): சுவரில் காதை ஒட்டி வைத்தால் லேசாகக் கேட்கிறது. கட்டிலுக்கு வரவில்லை. தம்பி, ரப்பருக்கு ஆன செலவில் பாதி நான் தருகிறேன்.

3சி தம்பி: அதெல்லாம் வேண்டாம் டீச்சர்.

செக்ரட்டரி சார்: இனி புது ஏசி மாட்டுபவர்கள் சுவரில் துளை போடும் முன் கீழ் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்ல வேண்டும். ரப்பர் இல்லாமல் ஸ்டாண்டு கூடாது.

5ஏ: ஏற்கெனவே மாட்டியவர்களுக்கும் பொருந்துமா சார்?

செக்ரட்டரி சார்: கீழ் வீட்டுக்காரர் கேட்டால் பொருந்தும்.