சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்புக்குக் கல்லூரி மானியம்: மாதிரி பட்ஜெட் தேவை

வணக்கம். அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் வரலாறு, இலக்கியம், மானுடவியல் படிக்கும் நம் மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டி தயாரிக்கிறோம். அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், சிறு பதிப்பகம் போன்ற இடங்களில் கோடை இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் சம்பளம் இருக்காது. அந்தச் செலவை ஈடுகட்டப் பல கல்லூரிகளின் கேரியர் சென்டர்கள் மானியம் தருகின்றன.

விண்ணப்பங்கள் சறுக்குவது பட்ஜெட்டில்தான். "வாடகை, சாப்பாடு: 4,000 டாலர்" என்று ஒரே வரியில் எழுதினால் தேர்வுக்குழு எதை நம்பும்? எட்டு வார வாடகை, மாதப் பயண அட்டை, வார மளிகை எனத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். வேலை தரும் இடத்தின் கடிதத்தில் தேதி, வார மணிநேரம், மேற்பார்வையாளர் பெயர் மூன்றும் அவசியம்.

எஃப்-1 எனும் மாணவர் விசாக்காரர்களுக்கு இன்னும் இரண்டு சிக்கல். சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வேலை செய்ய அனுமதி), கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் பதிவான பிறகே வேலையில் சேரலாம்; மானியம் கிடைத்தது அனுமதி ஆகாது. அடுத்தது வரி. மானியத்தை உதவித்தொகையாகக் கருதி 14% பிடித்தால் 4,000 டாலரில் கைக்கு வருவது 3,440 மட்டுமே. 1040-என்.ஆர். எனும் அமெரிக்க வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும்போது, இந்திய மாணவர்கள் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி நிலைக்கழிவு (standard deduction: வரி கணக்கிடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) கோரலாம். பிடித்த பணம் திரும்ப வர வாய்ப்புண்டு. பலர் இதைக் கோருவதே இல்லை!

மானியம் பெற்றவர்கள், பெயரை நீக்கிவிட்டு, உங்கள் பட்ஜெட் பக்கத்தைப் பகிர முடியுமா? நிராகரிக்கப்பட்டவை இன்னும் பயன்படும். நியூயார்க், வாஷிங்டன் வாடகைக் கணக்கு முதலில் வேண்டும்.