பழைய பிசி: விண்டோஸ் லோகோ வந்த உடனே ப்ளூ ஸ்க்ரீன், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகுது

பழையபெட்டி:
வணக்கம் நண்பர்களே, கோர் 2 டுவோ டெஸ்க்டாப், 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. ரொம்ப மாசமா பவர் கார்டையே கழட்டி வச்சிருந்தேன், இப்ப கொஞ்சம் பழைய ஃபைல் எடுக்கணும்னு ஆன் பண்ணா மொதல்ல சிமாஸ் செக்சம் எரர்னு வந்து எஃப்1 அமுக்கச் சொல்லுது, அமுக்கினா லோகோ வருது, பாதியிலயே ப்ளூ ஸ்க்ரீன் படிக்கக்கூட முடியாத வேகத்துல வந்துட்டுப் போயி ரீஸ்டார்ட் ஆகுது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட விட்டேன், முடியலன்னு கைய விரிச்சிருச்சு. ராமையும் கழட்டித் தொடச்சுப் போட்டாச்சு. ஹார்ட் டிஸ்க் போயிருச்சா? ஃபார்மட் பண்ணிருன்னு எல்லாரும் சொல்றாங்க ஆனா எனக்கு டேட்டா வேணும்.

திருப்புளி:
ஃபார்மட் பக்கமே போயிராதீங்க. லோகோ வரைக்கும் வருதுன்னா டிஸ்க்க பயாஸ் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற போர்டு புரோகிராம்) படிக்குதுன்னு அர்த்தம். ஆன் பண்ணதும் எஃப்8 தட்டிக்கிட்டே இருங்க, வர்ற மெனுல ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்ட டிசேபிள் பண்ற ஆப்ஷன் இருக்கும், அத எடுத்தா ப்ளூ ஸ்க்ரீன் அப்படியே நிக்கும், கோட் என்னன்னு பாத்துச் சொல்லுங்க. கோட் தெரியாம ஆளாளுக்கு ராம்ங்கறது டிஸ்க்குங்கறது எல்லாம் குருட்டு வைத்தியம்தான்.

பழையபெட்டி:
நின்னுச்சு. நெறைய ஜீரோ போட்டு கடைசில 7பி.

திருப்புளி:
அப்ப கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். 7பின்னா விண்டோஸால தன்னோட பூட் டிஸ்க்க தொட முடியலன்னு அர்த்தம். செக்சம் எரரையும் இதையும் சேத்துப் பாருங்க, போர்டுல பயாஸ் செட்டிங்க காப்பாத்தற சிஆர்2032 பட்டன் செல் செத்துப்போயி பயாஸ் செட்டிங் எல்லாம் டீஃபால்ட்டுக்குப் போயிருக்கு, அதுல சாட்டா மோடும், அதாவது போர்டு ஹார்ட் டிஸ்க்கோட பேசற விதமும் (ஏஹெச்சிஐ, ஐடிஇன்னு இருக்கும்), மாறியிருக்கும். விண்டோஸ் 7 இன்ஸ்டால் பண்றப்ப எந்த மோடு இருந்துச்சோ அந்த டிரைவர் மட்டும்தான் பூட்ல லோடாகும், தேவப்படாதத அதுவே ஆஃப் பண்ணி வச்சிரும், அதனால ஏஹெச்சிஐல போட்டத ஐடிஇக்கு மாத்தினாலும் சரி, அங்கேருந்து இங்க மாத்தினாலும் சரி, இதே 7பிதான். பயாஸ்ல போயி இப்ப எது இருக்கோ அதுக்கு மாத்தா வச்சு சேவ் பண்ணிப் பாருங்க, தேதியையும் சரி பண்ணிருங்க. செல்ல மாத்தாம விட்டா அடுத்த தடவ பவர் கார்ட உருவினதும் மறுபடி இதே பாட்டுதான்.

கரண்ட்கம்பி:
மேல சொன்னது சரி, ஆனா நானா இருந்தா பயாஸத் தொடறதுக்கு முன்னாடி லினக்ஸ் லைவ் யுஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லருந்தே ஓடறது) பூட் பண்ணி ஃபைல எடுத்துருவேன், லினக்ஸ் எந்த மோடுன்னாலும் கண்டுக்காது. கோர் 2 டுவோ 64 பிட்தான், 32 பிட் ஐஎஸ்ஓ (லினக்ஸ் டவுன்லோட் ஃபைல்) தேடி அலையாதீங்க. அத ரூஃபஸ்ங்கற டூல்ல பென் டிரைவ்ல எழுதும்போது பார்ட்டிஷன் வகைக்கு எம்பிஆர் குடுங்க, ஜிபிடி குடுத்தீங்கன்னா இந்த மாதிரி பழைய பயாஸ் பென் டிரைவ கண்டுக்காமப் போயிரும்.

பழையபெட்டி:
ஐடிஇல இருந்துச்சு, ஏஹெச்சிஐ ஆக்கினேன், டெஸ்க்டாப் வந்துருச்சு!! ஃபைல் காப்பி ஆகிட்டு இருக்கு. ஆனா பிரவுசர்ல எந்த சைட் தொறந்தாலும் சர்டிஃபிகேட் எரர் வருதே?

திருப்புளி:
தேதிய மாத்த மறந்துட்டீங்க, தேதி தப்பா இருந்தா சைட்டோட சர்டிஃபிகேட் செல்லாததாத் தெரியும்.

பழையபெட்டி:
ஆமாங்க 😀 மாத்தியாச்சு, செல்லும் வாங்கிடறேன். அப்படியே விண்டோஸ் 11 போட வழி இருக்கா? டிபிஎம் (செக்யூரிட்டி சிப்) செக்க பைபாஸ் பண்றாங்களே.

கரண்ட்கம்பி:
டிபிஎம்ம ஏமாத்தலாம், சிபியூவ ஏமாத்த முடியாது. விண்டோஸ் 11ஓட 24ஹெச்2 வெர்ஷன்ல இருந்து சிபியூல பாப்கவுன்ட்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இல்லேன்னா பூட்டே ஆகாது, கோர் 2 வரிசைல எதுலயும் அது கெடையாது. எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டி லைட்டான லினக்ஸ் போட்டுக்கங்க.