ஸ்பிரிங் ரேட்: தமிழில் என்ன போடலாம்? (ரேலி சஸ்பென்ஷன் கையேடு, அவசரம்)

கோவை, பயிற்றுநர்:

குழுவினருக்கு வணக்கம்.

ரேலி கார்ப் பந்தய சர்வீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சஸ்பென்ஷன் (காரைச் சக்கரங்களின் மேல் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பு) கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்தவர்கள். கைவேலை சுத்தம், கணக்கு என்றால் ஒதுங்குவார்கள். தமிழில் சொன்னால் ஒதுங்குவதில்லை, எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். அதற்காகத்தான் இந்த முயற்சி.

'ஸ்பிரிங் ரேட்' என்ற இடத்தில் முட்டி நிற்கிறது. கடைத்தெருவில் 'இந்த ஸ்பிரிங் என்ன ரேட்?' என்றால் விலைதான். வகுப்பிலும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது, ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் சுருக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பது.

கையேட்டுப் பகுதி இது:

'முன்சக்கரம் ஒன்றின் மேல் 350 கிலோ நிற்கிறது. டயர், ரிம், ஹப், பிரேக் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது சுமார் 40 கிலோ. மீதி 310 கிலோவைத்தான் ஸ்பிரிங் சுமக்கிறது. மண்பாதைக்கு, கார் ஸ்பிரிங்கின் மேல் இயல்பாக மேலும் கீழும் ஆடுவது நொடிக்கு 1.7 அலைவு என்று வைத்துக்கொண்டால் சக்கரத்தில் 35 நியூட்டன்/மி.மீ. வேண்டும். சக்கரம் 1 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 0.95 மி.மீ. சுருங்குகிறது. 0.95-இன் வர்க்கத்தால் 35-ஐ வகுத்தால் ஏறத்தாழ 39. ஆகவே 40 ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடு. அதே காரைத் தார்ச்சாலைக்கு இறக்கி, 2.3 அலைவு வைத்தால் ஸ்பிரிங் 70-ஐத் தாண்டும்.'

இதில் 'ரேட்' இரண்டு: ஸ்பிரிங்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் பொருந்தும் ஒரு சொல் வேண்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நல்ல பணி. ஸ்பிரிங்குக்கு 'வில்' இருக்கிறது. அதை விட்டு அகல வேண்டாம். வில் எவ்வளவு உரத்தோடு எதிர்க்கிறது என்பதுதானே உங்கள் அளவு? 'வில்லுரம்' என்று வையுங்கள். உரமான கயிறு, உரமான கட்டை என்று இன்றும் பேசுகிறோம். உரன் என்ற வடிவம் வள்ளுவரிடமே உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். குறள் 827-இல் 'வில்வணக்கம்' என்று வருகிறது. வில் வளைவதை வணக்கம் என்கிறார். சுமை ஏறும்போது ஸ்பிரிங் தாழ்கிற அளவுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் வணக்கத்துக்கு இத்தனை நியூட்டன் என்று எழுதிப் பாருங்கள்.

சென்னை, சுருள்வில் ஆலைப் பொறியாளர்:

ஐயா மன்னிக்க வேண்டும், 'உரம்' இங்கே ஆபத்து. வலிமை வேறு, விறைப்பு வேறு. ஒரே 40 நியூட்டன்/மி.மீ. கொண்ட இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று நல்ல சிலிக்கன்-குரோம் கம்பி, இன்னொன்று மட்டமான கம்பி. இரண்டும் மி.மீ.க்கு ஒரே விசையைத்தான் கேட்கும். ஆனால் மட்டமானது ஒரு ரேலி முடிவதற்குள் உட்கார்ந்துவிடும், அதாவது பழைய நீளத்துக்குத் திரும்பாது. உரம் குறைவு, ரேட் அதேதான். 'வில்லுரம்' என்று படித்த பையன், ரேட் கூடினால் ஸ்பிரிங் உடையாது என்று நினைப்பான்.

'கடினம்' என்றும் போகாதீர்கள். உலோகவியலில் அது ராக்வெல் கருவியில் அளப்பது. கம்பியை எவ்வளவு கடினப்படுத்தினாலும் ரேட் மாறுவதில்லை என்று சொன்னால் எங்கள் ஆலையிலேயே பலர் நம்ப மாட்டார்கள். அதைத் தீர்மானிப்பது எஃகின் சறுக்குப் பெயர்ச்சிக் குணகமும் (முறுக்கும்போது எஃகு எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) கம்பியின் வடிவமும்தான். குணகம் எந்த ஸ்பிரிங் எஃகுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 78,500 மெகாபாஸ்கல் பக்கம். மீதியெல்லாம் வடிவம்: பின்னமாக எழுதினால் குணகத்தோடு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கு மேலே, சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கும், வேலை செய்யும் சுற்றுகளும், எட்டும் கீழே.

பள்ளியில் 'சுருள்வில் மாறிலி' என்று படித்தோமே, அதையே போட்டால் என்ன?

யாழ்ப்பாணம், இயந்திரவியல் விரிவுரையாளர்:

வணக்கம். எங்கட பாடநூல்களில் ஸ்பிரிங் 'வில்' மட்டுந்தான், 'சுருள்' சேர்ப்பதில்லை. வில் மாறிலி என்போம். ஸ்பிரிங் தராசு எங்களுக்கு விற்றராசு. இது ரேலிக்கும் பொருந்தும். மாருதி ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் இருந்தது பட்டைகள் (அடுக்கிய எஃகுத் தகடுகள்), சுருள் எங்கே? முறுக்குத்தண்டுக்கும் (முறுக்கப்பட்டு வில்லாக வேலை செய்யும் தண்டு) ரேட் உண்டு. 'சுருள்' என்று தொடங்கினால் இவை வெளியே போய்விடும்.

ஆனால் 'மாறிலி' வேண்டாம் என்பதில் நான் உறுதி. நேர்கோட்டு வில்லுக்கு அது சரி. ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி அதைத்தான் சொல்கிறது. சுற்றுகளின் இடைவெளி படிப்படியாக மாறும் வில்லில், சுருங்கச் சுருங்க ரேட் ஏறும். அதற்கு என்ன எழுதுவீர்கள்? 'மாறும் மாறிலி' என்றா? ரேலிக் காரில் முதன்மை வில்லின் மேல் மெல்லிய வில் ஒன்றை அடுக்குவார்கள். 40-உம் 80-உம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது கூட்டு ரேட் 26.7 தான். மெல்லியது முழுதாக மூடியபின் மற்றது மட்டும் நிற்கும். இடையிலே மாறுகிற ஒன்றை மாறிலி என்று மாணவருக்கு எப்படிச் சொல்வது?

'வில்வீதம்' என்று வையுங்கள். சக்கரத்துக்குச் 'சக்கரவீதம்'. ஒரே குடும்பம்.

ஒரு சிறு விண்ணப்பம்: கையேட்டில் 'அமுக்கம்' என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். உங்கட அழுத்தம்தான் எங்களுக்கு அமுக்கம். டயர்க் காற்றோடு குழம்பும்.

மதுரை, தமிழாசிரியர்:

உரம் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். வீதத்தை ஏற்க மனம் வரவில்லை. தமிழ்நாட்டு மாணவன் வீதம் என்றாலே நேரத்தைத் தேடுவான். திசைவேகம் மாறும் வீதம், நீர் பாயும் வீதம், எல்லாம் நொடிக்கு இவ்வளவு. இங்கே நொடி இல்லை. வேகமாக அமுக்கினால் எதிர்ப்பது ஷாக் அப்சார்பர் என்று நீங்களே அடுத்த பாடத்தில் சொல்வீர்கள். முந்தைய பாடத்து 'வீதம்' அங்கே வந்து குறுக்கே நிற்கும்.

பொறியாளர் போகிற போக்கில் 'விறைப்பு' என்றாரே, சொல் அங்கேயே இருக்கிறது. விறைத்தல் என்றால் வளையாது நிமிர்ந்து நிற்றல். குளிரில் விரல் விறைத்தது என்கிறோம். காய்ந்து வளையாமற்போன மரம் விறகு. விறை, விறகு இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. விறல் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெற்றி என்ற பொருளுக்கு முன்னே வளையாத வலி என்ற பொருள் அதற்கு இருந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விறலி ஆடும் மெய்ப்பாட்டுக்கும்...

திருநெல்வேலி, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணாச்சி, விறலிக்கு இப்போது போக வேண்டாம்! விறகு பச்சையாக இருந்தாலும் விறகுதான், பச்சை விறகு என்றுதானே சொல்கிறோம். விறல் தனிச்சொல் என்றே படுகிறது. வேறு இழையில் பேசுவோம்.

'வில்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து ஐயா சொன்னது இலங்கை வழக்கு மட்டுமில்லை. பட்டை வைத்த கூட்டு மாட்டுவண்டியை எங்கள் ஊரில் வில்வண்டி என்றுதான் சொல்வார்கள். கலைச்சொல் குழு எதுவும் கூடி வைத்த பெயரில்லை அது. கீழே இருந்த பட்டையைப் பார்த்து, வில் என்று ஊர் சொன்னது. மேடுபள்ளத்தில் ஆளைக் குலுக்காமல் கொண்டுபோகும் வண்டி என்பதால் ரேலிக் கையேட்டுக்கு நெருங்கிய உறவும்கூட. ஆகவே 'வில்' பையன்களுக்குப் புரியுமா என்ற தயக்கமே வேண்டாம்.

புணர்ச்சியையும் பார்த்துவிடுவோம். வில்+மாறிலி வின்மாறிலி ஆகும். வில்+கடுமை விற்கடுமை. அச்சில் பார்க்கிறவன் வில்லைத் தேட வேண்டியிருக்கும். விற்றராசை விற்ற தராசு என்று படித்தவர்களை எனக்குத் தெரியும். வில்விறைப்பு, வில்வீதம் இரண்டிலும் எழுத்துத் திரியவில்லை. மீதி உங்கள் பாடு.

கோவை, ரேலி மெக்கானிக்:

பயிற்றுநர் அண்ணா கேட்டதால எழுதறனுங்க. எங்க பட்டறையில 'நாப்பது போடு, அம்பது போடு'ன்னுதான் பேச்சு. ரேட்டுங்கற வார்த்தையே யாரும் சொல்றதில்லீங்க. நம்பர்தான்.

ஆனா அந்த நம்பர்லதான் சிக்கலே. ஒரு டீம் பழைய ஸ்பிரிங் ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தாங்க. ஒண்ணுல 225ன்னு பெயிண்டு. இன்னொண்ணுல 200-60-40ன்னு அச்சு. பையன் பெரிய நம்பரைப் பாத்து, இதுதான் டைட்டுன்னு எடுத்து மாட்டிட்டான். 225ங்கறது அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுங்க. 5.71ல வகுத்தா 39 நியூட்டன்தான். அடுத்ததுல நீளம் 200 மி.மீ., உள்விட்டம் 60, கடைசி 40தான் நம்பர். ரெண்டும் ஒண்ணுதானுங்க.

பெயிண்டு போயி அச்சும் அழிஞ்சிருந்தா வெர்னியர் வெச்சுப் பாப்போம். கம்பி 10 மி.மீ., உள்விட்டம் 60, அப்ப நடுவிட்டம் 70. ரெண்டு முனையும் சமமாத் தேச்சு மூடினதுன்னா மொத்தச் சுத்துல ரெண்டைக் கழிச்சிரணும். ஏழு நின்னுதுன்னா, பொறியாளர் சார் சொன்ன கணக்குல 41 வரும். பெயிண்டைச் சுரண்டாம அளந்து கம்பியை 10.2ன்னு படிச்சீங்கன்னா 8 சதவீதம் ஏறிக்கும். நாலாம் அடுக்கு இல்லீங்களா. அதனால கடைசியில பிரஸ்ஸுல லோடு செல் (எடை காட்டற கருவி) வெச்சுத்தான் நம்பறது. மொதல் 25 மி.மீ.ல வர்ற எடையைக் குறிச்சுக்கணும், 75ல வர்றதைக் குறிச்சுக்கணும், வித்தியாசத்தை 50ல வகுக்கணும். சுழியிலிருந்து எடுத்தா முனைச்சுத்து உக்கார்ற ஆட்டமும் சேந்துக்கும். நேத்து ஒண்ணுல 104 கிலோ, 313 கிலோ வந்துது. வித்தியாசம் 209, மி.மீ.க்கு 4.18 கிலோ. 9.81ல பெருக்குனா அதே 41.

விறைப்புன்னா பையனுக்குப் புரியுமுங்க. ஆனா ஒண்ணு. கேத்தனூர்ப் பக்கம் காத்தாலைக்கு நடுவுல மண்பாதையில ஓட்டிட்டு வந்து டிரைவர் 'வண்டி விறைப்பா இருக்கு'ன்னாருன்னா அது ஸ்பிரிங்கா, ஷாக்கா, வளைவுல வண்டி சாயறதைக் கொறைக்கற ஆன்டி-ரோல் பாரான்னு எங்களுக்கே தெரியாதுங்க. வெறும் விறைப்புன்னு போட்டா எல்லாத்தையும் ஸ்பிரிங் மேலயே ஏத்துவாங்க.

சென்னை, பொறியாளர்:

தம்பி சொன்னதைக் கையேட்டில் அப்படியே சேர்க்க வேண்டும். 25-க்கும் 75-க்கும் நடுவே எடுக்கிற முறையைத்தான் நாங்களும் ஆலையில் பின்பற்றுகிறோம், எண்கள்தான் வேறு.

அவர் எழுப்பிய குழப்பத்துக்கு 'வில்' என்ற முன்னொட்டே போதும். ஷாக்குக்குத் தணிப்பு, பாருக்கு உருள்விறைப்பு, ஸ்பிரிங்குக்கு வில்விறைப்பு. சுருங்கச் சுருங்க ரேட் ஏறுவதை 'ஏறுவிறைப்பு வில்' என்று சொல்லலாம். மாறிலியின் முரண் இதில் இல்லை.

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்:

வில்விறைப்பு மோசமில்லை. சக்கரத்துக்கு வாருங்கள். 'சக்கர விறைப்பு' என்றால் ரிம் எவ்வளவு விறைப்பு, டயர்ச் சுவர் எவ்வளவு விறைப்பு என்றுதான் படிப்பேன். டயருக்கும் உண்மையிலேயே ஒரு ரேட் உண்டு, அதுவும் கணக்கில் வரும். சக்கரவீதத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

வீதத்துக்கு நேரம் வேண்டும் என்ற வாதமும் நிற்காது. ஆளுக்கு இரண்டு வீதம் கொடு என்கிறோமே, அதில் நொடி எங்கே? மில்லிமீட்டருக்கு நாற்பது நியூட்டன் வீதம் என்றால் எந்தக் கிழவிக்கும் விளங்கும்.

கோவை, பயிற்றுநர்:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இன்று மாலைக்குள் கேட்கிறார். நான் முடிவு செய்தது: 'வில்விறைப்பு' நூல் முழுவதும். முதல் பக்கத்தில் ஒருமுறை 'கடையில் ஸ்பிரிங் ரேட் என்பார்கள், விலையல்ல' என்ற குறிப்பு. எண் வருமிடமெல்லாம் அலகு கட்டாயம். வெறும் நாற்பது, வெறும் இருநூற்றிருபத்தைந்து எங்கும் இருக்காது. சுருக்கத்துக்கு அமுக்கம் என்று எழுதவில்லை. வில்வணக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நெட்டுவாட்டில் சுருங்குகிற சுருளுக்கு 'வணங்குகிறது' என்று சொல்லி விளங்கவைக்க இந்த வகுப்பில் நேரம் போதாது. பட்டை பற்றிய பத்தியில் மட்டும் வைத்திருக்கிறேன். பட்டை உண்மையாகவே வளைகிறது.

சக்கரத்துக்கு 'சக்கரத்தில் உணரும் வில்விறைப்பு'. நீளம்தான். ஆனால் 0.95-இன் வர்க்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த நீளமே நினைவூட்டுகிறது. நெம்பலால் விசையும் ஒருமுறை குறைகிறது, நகர்வும் ஒருமுறை குறைகிறது என்று பலகையில் வரைந்துவிடுவேன்.

மதுரை, தமிழாசிரியர்:

பட்டைக்காவது வள்ளுவர் கிடைத்தாரே, மகிழ்ச்சி தம்பி. விறகு பற்றித் தனி இழை தொடங்குகிறேன். பச்சை விறகு என்று அடை கொடுத்துச் சொல்வதே, விறகு இயல்பில் காய்ந்தது என்பதைக் காட்டுகிறது. திருநெல்வேலித் தம்பி மறுப்பை அங்கே எழுதட்டும்.

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்:

முடிவை மதிக்கிறேன். என் வகுப்பில் வில்வீதமும் சக்கரவீதமும்தான் இருக்கும். அடுத்த பதிப்பில் ஷாக் அப்சார்பரின் திரும்பு தணிப்புக்கு (சுருங்கியது மீண்டும் நீளும்போது வரும் எதிர்ப்பு) வரும்போது திரும்பவும் பேசுவோம். அங்கே வேகம் வருகிறது, வீதம் இல்லாமல் எழுத முடியாது. கையேட்டின் பிரதி ஒன்றை அனுப்பிவையுங்கள்; அந்த 25–75 அளவை எங்கட ஆய்வுகூடப் பயிற்சியில் சேர்க்கப்போகிறேன்.