யோசனை சொல்பவரும் லைசென்ஸ் வாங்குபவரும் ஒரே ஆள் என்றால் அது என்ன மேற்பார்வை?

மணப்பாடு_காற்று:
குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து எனக்கு இந்தக் கிறுக்கு. தனியார் ராக்கெட் விட்டால் யார் யாரைக் கேள்வி கேட்பது என்று தெரிந்துகொள்ள அமெரிக்கக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அங்கேதானே இந்த வியாபாரம் இவ்வளவு பெருத்தது. லைசென்ஸ் கொடுப்பது விமானங்களைக் கவனிக்கும் அதே அரசு அமைப்பு, எஃப்.ஏ.ஏ. அதற்கு யோசனை சொல்ல 1984-லிருந்து காம்ஸ்டாக் என்று ஒரு குழு. அதில் யார் யார் என்று பார்த்தால் ராக்கெட் கம்பெனிக்காரர்கள், ஏவுதளம் நடத்துகிறவர்கள், காப்பீட்டுக்காரர்கள், நடுவில் கல்வித்துறை ஆட்கள் சிலர். அதாவது நாளைக்கு லைசென்ஸ் கேட்டு வரப்போகிறவரே, விதி எப்படி இருக்க வேண்டும் என்று இன்றைக்கு யோசனை சொல்கிறார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மாதிரி இல்லையா? நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

லாக்புக்77:
பாதி சரி. காம்ஸ்டாக் காவலே இல்லை, அதனால் பூனை உவமை முழுசாகப் பொருந்தாது. அது பரிந்துரை எழுதும், எஃப்.ஏ.ஏ. அதை எடுத்துக்கொள்ளலாம், மேசையில் போட்டு வைக்கலாம். லைசென்ஸ், அபராதம், விபத்து நடந்தால் பறப்பதை நிறுத்தி வைப்பது எல்லாம் எஃப்.ஏ.ஏ. கையில்.

அரசு ஏன் இதில் தலையிட வேண்டும் என்றால், 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. தனியார் செய்தாலும் அதற்கு அந்த நாடுதான் அனுமதி கொடுத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், நாளை அடுத்த நாட்டின் மேல் இரும்பு விழுந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நாடுதான். அதனால் எஃப்.ஏ.ஏ. முக்கியமாகப் பார்ப்பது தரையில் இருக்கிற, இதில் சம்பந்தமே இல்லாத மனிதர்களை. ஒரு ஏவுதலில் பொதுமக்களுக்கு நேரக்கூடிய உயிர்ச்சேத எதிர்பார்ப்பு, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தாலும், பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று கணக்கே வைத்திருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்களை ஏன் குழுவில் போடுகிறார்கள் என்றால், அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆட்களில் பெரும்பாலோர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அரசு ஆலோசனைக் குழுக்களுக்கு என்றே 1972-ல் ஒரு சட்டம் இருக்கிறது. உறுப்பினர்களில் பல தரப்பும் இருக்க வேண்டும், கூட்டத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், பொதுவாகக் கதவைத் திறந்து வைத்துத்தான் பேச வேண்டும்.

கசப்பு_காப்பி:
கதவு திறந்திருக்கிறது, சரி. உள்ளே யார் பேச்சு எடுபடுகிறது என்று பார்க்க வேண்டாமா?

2014 அக்டோபர் 31, மொஹாவி பாலைவனம். பயணிகளை விண்வெளி விளிம்புக்குக் கூட்டிப்போகத் தனியார் கட்டிய ஸ்பேஸ்ஷிப்டூ கலத்தின் சோதனைப் பறப்பில் துணை விமானி வால் பகுதியின் பூட்டைச் சில விநாடிகள் முன்னதாகத் திறந்துவிட்டார், கலம் காற்றிலேயே உடைந்தது, அவர் இறந்துபோனார். மனிதத் தவறு என்று முடித்திருக்கலாம். ஆனால் விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க வாரியமான என்.டி.எஸ்.பி.யின் விசாரணையில் வெளிவந்ததைப் படியுங்கள். விமானியின் தவறால் என்னென்ன ஆகும் என்ற அலசலைக் கம்பெனி விதிப்படி முழுமையாகச் செய்திருக்கவில்லை, எஃப்.ஏ.ஏ.வோ அதற்கு விலக்கு கொடுத்திருந்தது. அதுவும் கம்பெனி கேட்காமலேயே! 120 நாளுக்குள் அனுமதி கொடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில், கீழே இருந்த பொறியாளர்களின் கேள்விகளில் சில கம்பெனிக்குப் போய்ச் சேரவே இல்லை.

அப்புறம் அந்தக் ‘கற்றல் காலம்’. ராக்கெட்டில் ஏறும் பயணியின் பாதுகாப்புக்கு எஃப்.ஏ.ஏ. விதி போடக் கூடாது என்று 2004-ல் சட்டம் செய்தார்கள், பெரிய காயமோ சாவோ நடந்தாலொழிய. 2012-ல் முடிய வேண்டியது. தொழில்துறை கேட்கக் கேட்க 2015, 2023 என்று நீண்டது. இனி முடியட்டும் என்று ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு 2023-ல் சொன்ன பிறகும் நீட்டினார்கள், இப்போது 2028 ஜனவரி 1. எட்டு வருடப் படிப்பை இருபத்து நாலு வருடமாகப் படிக்கும் மாணவனை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? அதுவரை பயணி, ‘இந்தக் கலம் பாதுகாப்பானது என்று அமெரிக்க அரசு சான்று தரவில்லை’ என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு ஏற வேண்டியதுதான்.

அரைத்தூக்கம்:
இரண்டு பேரும் ஒரே குழுவையே சுற்றுகிறீர்கள். நாசாவுக்கு ஏ.எஸ்.ஏ.பி. என்று தனியாக ஒரு பாதுகாப்பு ஆலோசனைக் குழு உண்டு. அப்போலோ 1 தீ விபத்துக்குப் பிறகு 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அமைத்தது. அதற்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ஆனால் உறுப்பினர்கள் வெளியாட்கள், பாதிப்பேர் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

2019 டிசம்பரில் நாசாவின் வீரர்களை ஏற்றிச்செல்லப் போயிங் கட்டிய ஸ்டார்லைனர் விண்கலம் ஆள் இல்லாமல் போனது நினைவிருக்கும். கடிகாரம் 11 மணி நேரம் தப்பாக ஓடி, விண்வெளி நிலையத்துக்குப் போகாமலேயே திரும்பியது. எல்லோரும் அந்தக் கடிகாரத்தையே பேசிக்கொண்டிருந்தோம். 2020 பிப்ரவரியில் இந்தக் குழுவின் திறந்த கூட்டத்தில் ஒருவர் சாவகாசமாக இரண்டாவது பிழையைச் சொன்னார். தரையிறங்கும் முன் கழற்றிவிட வேண்டிய பின்பகுதியின் உந்திகள் தப்பாக இயங்கி, அது வந்து விண்கலத்தின் மேலேயே மோதியிருக்கலாம் என்று. இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்புதான் பார்த்து மென்பொருளைத் திருத்தி மேலே அனுப்பியிருக்கிறார்கள். நான் தூக்கக் கலக்கத்தில் அந்தச் செய்தியைப் படித்தவன், எழுந்து உட்கார்ந்து இரண்டாம் முறை படித்தேன். அடுத்த நாளே நாசாவும் போயிங்கும் நிருபர்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அதிகாரமே இல்லாத குழுதான். ஆனால் பொதுவில் வாயைத் திறந்தது, அதுவும் தன் வருமானம் அந்தக் கம்பெனியிடமிருந்து வராத ஒருவர் திறந்தார். காம்ஸ்டாக்கில் போட்டிக் கம்பெனிக்காரரே பக்கத்தில் இருந்தாலும் இப்படிப் பேச மாட்டார், நாளைக்கு அவர் கம்பெனிக்கும் இதே நிலை வரும் அல்லவா.

லாக்புக்77:
ஸ்டார்லைனர் உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நாசா வாடிக்கையாளர், பணம் கொடுப்பவர், கேட்டால் ஆவணம் வரும். எஃப்.ஏ.ஏ.வுக்கு அந்தப் பிடி இல்லை. ஆனாலும் 2023 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட் முதல் முழுப் பறப்பில் ஏவுமேடை கான்கிரீட்டைப் பெயர்த்து எறிந்து, சில மைல் தள்ளியிருக்கும் போர்ட் இசபெல் வரை மண் தூவியதே, அதன் பிறகு 63 திருத்தங்களைப் பட்டியல் போட்டுக் கையில் கொடுத்தார்கள். நவம்பரில்தான் அடுத்த பறப்பு.

கசப்பு_காப்பி:
பட்டியலைத் தயாரித்தது கம்பெனி, விசாரணையை நடத்தியதும் கம்பெனி. எஃப்.ஏ.ஏ. மேற்பார்வை பார்த்து ஏற்றுக்கொண்டது.

மணப்பாடு_காற்று:
நன்றி, நிறைய தெளிந்தது. நம் ஊரில் தனியார் விண்வெளி வேலைகளுக்கான இன்-ஸ்பேஸ் அமைப்பு 2020-ல் வந்தது, அகமதாபாத்தில் இருக்கிறது, விண்வெளித் துறைக்குக் கீழே. அனுமதி கொடுப்பதும் அதே, தொழிலை ஊக்குவிப்பதும் அதே. 2023-ல் வந்ததும் விண்வெளிக் கொள்கைதான், சட்டம் இல்லை. அதைத் தனியாக இன்னொரு நாள் கேட்கிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். ஏவும் நாளில் போகாதே என்று எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், வருடத்தில் எத்தனை நாள் அப்படிப் போகும், இதையெல்லாம் அமெரிக்காவில் ஒரு சாதாரண ஆள் எந்தக் குழுவிடம் கேட்டான்?

அரைத்தூக்கம்:
எந்த ஆலோசனைக் குழுவிடமும் இல்லை. ஸ்டார்ஷிப் கிளம்பும் டெக்சாஸ் கடற்கரையான போகா சிக்காவில் அது சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் வந்தது. 2021 அக்டோபரில் இணையவழிப் பொது விசாரணை, சுமார் 18,000 கருத்துகள். 2022 ஜூன் முடிவில் வழக்கமான பணிகளுக்குக் கடற்கரைச் சாலையை வருடத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல் மூடக் கூடாது என்று வரம்பு எழுதினார்கள். நீங்கள் தேட வேண்டிய காகிதம் அந்த மாதிரியானது, காம்ஸ்டாக் குறிப்பேடு இல்லை.